பழைய லேப்டாப்பில் எஸ்.எஸ்.டி. போடும் முன்பும், போட்டு அது ஓடாதபோதும்

ஆத்தங்குடியில் டைல்ஸ் பட்டறை வைத்திருக்கும் ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "அண்ணே, 2017இல் வாங்கிய லேப்டாப். ஏழாம் தலைமுறை ஐ5, 4 ஜி.பி. ரேம், 1 டி.பி. ஹார்டு டிஸ்க். ஆன் செய்து டாலி திறப்பதற்குள் வந்த ஆள் காத்திருந்து போய்விடுகிறார். ஆன்லைனில் 512 ஜி.பி. என்.வி.எம்.இ. எஸ்.எஸ்.டி. வாங்கி, உள்ளே இருந்த காலி இடத்தில் மாட்டினேன். லேப்டாப் அதைக் கண்டுகொள்ளவே இல்லை. காரைக்குடியில் ஒரு கடையில் காட்டினால், போர்டு போயிருக்கும், புதுசு வாங்கிக்கொள்ளுங்கள் என்கிறார்கள். என்ன செய்யட்டும்?"

இப்போதைக்குப் புதுசு வாங்க வேண்டாம், தம்பி. போர்டு போயிருந்தால் பழைய டிஸ்க்கை வைத்து விண்டோஸ் இந்த அளவுக்குக்கூட ஓடாது. அந்த எஸ்.எஸ்.டி. (சுற்றும் தட்டு இல்லாமல் சிப்பில் டேட்டாவை வைக்கும் டிஸ்க்) ஏன் தெரியவில்லை என்பதற்கு எனக்கு இரண்டு சந்தேகங்கள் உண்டு, கீழே சொல்கிறேன். அதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. இந்தப் பதிலை மேற்கொண்டு படிப்பதைவிட அது அவசரம்.

டாலி கணக்கு மென்பொருளில் பேக்கப் எடுத்து ஒரு பென் டிரைவில் போடுங்கள். டாலியின் டேட்டா ஃபோல்டரை அப்படியே இன்னொரு பிரதி எடுங்கள். ஆர்டர் படங்கள், டிசைன் ஃபைல்கள், ஜி.எஸ்.டி. ரிட்டர்ன் பி.டி.எஃப்.கள், வீட்டுப் படங்கள் எல்லாவற்றையும் வெளி டிஸ்க் ஒன்றில் காப்பி செய்யுங்கள். காப்பி செய்த ஃபைல்களில் நாலைந்தை வேறொரு கம்ப்யூட்டரில் திறந்தும் பாருங்கள். இவ்வளவும் முடிந்த பிறகுதான் ஸ்க்ரூடிரைவரை எடுக்க வேண்டும். 2017 டிஸ்க் என்றால் அதன் வயதே ஒரு எச்சரிக்கை. மெதுவாக ஓடும் டிஸ்க்கும் சாகக் கிடக்கும் டிஸ்க்கும் வெளியிலிருந்து பார்க்க ஒரே மாதிரிதான் இருக்கும்.

இரண்டில் எது என்று தெரிந்துகொள்ள கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருள் போதும். திறந்ததும் நீல நிறத்தில் 'குட்' என்று வந்தால் நிம்மதி. மஞ்சள் நிறத்தில் 'காஷன்' என்று வந்தால் 05, சி5, சி6 என்ற மூன்று வரிகளைப் பாருங்கள். 05 என்பது கெட்டுப்போய், டிஸ்க்கே மாற்று இடம் ஒதுக்கிக்கொண்ட செக்டர்களின் (டேட்டா எழுதும் சின்னத் துண்டுகளின்) கணக்கு. சி5 என்பது படிக்க முடியாமல் தவித்துக்கொண்டிருக்கும் செக்டர்கள். சி6 என்பது சரிசெய்ய முடியாமல் போனவை. சி5இல் எண் இருந்து அது நாளுக்கு நாள் ஏறினால், அந்த டிஸ்க்கில் செக் டிஸ்க் (விண்டோஸோடு வரும் டிஸ்க் சோதனை) ஓட்டாதீர்கள். பலர் முதலில் செய்வது அதைத்தான். நலிந்த டிஸ்க்கை ஓரம் முதல் ஓரம் வரை படிக்கவைத்தால், இருக்கும் மூச்சும் அதிலேயே போய்விடும். முக்கியமான ஃபைல்களை முதலில் கையால் காப்பி செய்யுங்கள், மற்றதை அப்புறம் பார்க்கலாம். 'டிக், டிக்' என்று சத்தம் வருகிறதா? உடனே நிறுத்திவிட்டு, டேட்டா மீட்பதையே தொழிலாகச் செய்பவர்களிடம் கொடுங்கள். வீட்டு வைத்தியம் எதுவும் வேண்டாம்.

சரி, எஸ்.எஸ்.டி. போட்டால் ஏன் இவ்வளவு மாற்றம் தெரிகிறது? லேப்டாப்பில் வரும் சாதாரண ஹார்டு டிஸ்க் நிமிடத்துக்கு 5400 முறை சுற்றுகிறது. ஒரு சுற்றுக்கு 11 மில்லி செகண்ட். படிக்கும் முனை நகர்ந்து சரியான வளையத்தில் போய் நிற்க இன்னொரு 12 மில்லி செகண்ட் அளவு, பிறகு வேண்டிய செக்டர் சுற்றி வரும்வரை சராசரியாக அரைச் சுற்று. கூட்டிப் பார்த்தால், அங்கங்கே சிதறிக் கிடக்கும் சின்னச் சின்னத் துண்டுகளைப் படிக்கும்போது செகண்டுக்கு அறுபதுக்குள்தான் முடியும். விண்டோஸ் திறக்கும்போது ஆயிரக்கணக்கான சின்ன ஃபைல்களைத்தான் தேடுகிறது. டாஸ்க் மேனேஜரில் டிஸ்க் 100 சதவீதம் என்று காட்டிக்கொண்டு, வேகம் மட்டும் 1 எம்.பி., 2 எம்.பி. என்று நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். காரணம் இதுதான். எஸ்.எஸ்.டி.யில் சுற்றுவதற்கும் நகர்வதற்கும் ஒன்றும் கிடையாது. செகண்டுக்குப் பல்லாயிரம் துண்டுகளை அது படித்துவிடும். உங்கள் ஐ5 இன்னும் நல்ல பிராசஸர்தான். இத்தனை வருடமும் அது டிஸ்க்குக்காகக் காத்துக்கொண்டிருந்தது.

இப்போது உங்கள் எஸ்.எஸ்.டி.க்கு வருவோம். முதல் சந்தேகம் மிக எளியது. புத்தம் புது எஸ்.எஸ்.டி. 'திஸ் பி.சி.'யில் தானாகத் தெரியாது. ஸ்டார்ட் பட்டனில் ரைட் கிளிக் செய்து டிஸ்க் மேனேஜ்மென்ட்டைத் திறந்து பாருங்கள். அங்கே 476 ஜி.பி. அளவில் கறுப்புப் பட்டையோடு ஒரு டிஸ்க் தெரிந்தால், எஸ்.எஸ்.டி.யும் நலம், போர்டும் நலம். அதை ஜி.பி.டி. (டிஸ்க்கைப் பகுதிகளாகப் பிரிக்கும் புதிய முறை; பழையது எம்.பி.ஆர்.) முறையில் இனிஷியலைஸ் செய்து, அதாவது பயன்படுத்தத் தயார் செய்து, புதிய வால்யூம் உருவாக்கினால் முடிந்தது. (512 வாங்கினால் 476தான் காட்டும். யாரும் ஏமாற்றவில்லை. கம்பெனிக்காரர் ஆயிரத்தால் பெருக்கிக் கணக்கிடுகிறார், விண்டோஸ் 1024ஆல் பெருக்குகிறது.) ஆனால் ஒன்று: இனிஷியலைஸ், ஃபார்மட் என்ற கேள்விகள் டேட்டா இருக்கும் பழைய டிஸ்க்குக்கு வந்தால் எக்காரணம் கொண்டும் ஓ.கே. கொடுக்காதீர்கள்.

டிஸ்க் மேனேஜ்மென்ட்டிலும் இல்லை, பயோஸிலும் (விண்டோஸ் கிளம்பும் முன் திறக்கும் செட்டிங் திரை) இல்லை என்றால் இரண்டாவது சந்தேகம். என் ஊகம் இதன் பக்கம்தான். நீங்கள் மாட்டிய அந்த நீளமான சின்ன இடத்துக்கு எம்.2 ஸ்லாட் என்று பெயர். எம்.2 என்பது வடிவத்தின் பெயர் மட்டும். உள்ளே ஓடும் வழி இரண்டு: ஒன்று சாட்டா, இன்னொன்று என்.வி.எம்.இ. 2016 முதல் 2018 வரை வந்த நடுத்தர விலை லேப்டாப்கள் பலவற்றில் எம்.2 ஸ்லாட் இருக்கும், ஆனால் அதில் சாட்டா மட்டுமே ஓடும். என்.வி.எம்.இ. அட்டை அதில் அழகாகப் போய் உட்காரும், ஸ்க்ரூவும் சரியாக இறங்கும், லேப்டாப்புக்கு மட்டும் அது தெரியாது. அட்டையின் தங்க நிற முனையில் ஒரு வெட்டு இருந்தால் பெரும்பாலும் என்.வி.எம்.இ., இரண்டு வெட்டுகள் இருந்தால் பெரும்பாலும் சாட்டா. உறுதியாகத் தெரிய வேண்டுமானால் லேப்டாப்பின் அடியில் ஒட்டியிருக்கும் முழு மாடல் எண்ணை வைத்து, கம்பெனியின் சர்வீஸ் மேனுவலைத் தேடுங்கள். டெல், ஹெச்.பி., லெனோவோ மூன்றும் இதை இலவசமாக வெளியிடுகின்றன. எந்த ஸ்லாட்டில் எது ஓடும், எந்த நீளம் போகும் என்று அதில் எழுதியிருக்கும். நீளமும் முக்கியம். 2280 என்றால் 22 மி.மீ. அகலம், 80 மி.மீ. நீளம். சில லேப்டாப்பில் 42 மி.மீ. அட்டைக்குத்தான் இடம்.

என் கணிப்பு சரியாக இருந்தால், வாங்கிய என்.வி.எம்.இ.யைத் திருப்பிக் கொடுக்க முடியுமா என்று பாருங்கள். முடியாவிட்டால் என்.வி.எம்.இ. என்று குறிப்பிட்ட ஒரு யு.எஸ்.பி. என்க்ளோஷர் (யு.எஸ்.பி.யில் செருகும் உறை) வாங்கி அதில் போட்டுவிடுங்கள், நல்ல வேகமான வெளி டிரைவாக இருக்கும். எம்.2 சாட்டாவுக்கு விற்கும் என்க்ளோஷரில் இது ஓடாது, கவனம்.

லேப்டாப்புக்கு 2.5 இஞ்ச் சாட்டா எஸ்.எஸ்.டி. வாங்கி, ஹார்டு டிஸ்க் இருக்கும் இடத்திலேயே மாட்டுங்கள். எம்.2 சாட்டா போட்டால் பழைய டிஸ்க்கும் உள்ளேயே இருக்கலாமே என்று சிலர் சொல்வார்கள். இந்த வயது டிஸ்க்கை உள்ளே வைத்திருக்க எனக்குச் சம்மதமில்லை. அது சொதப்பும் நாளில், நல்ல எஸ்.எஸ்.டி. இருந்தும் விண்டோஸ் அதற்காகத் தடுமாறி நிற்கும். சாட்டாவின் உச்ச வேகம் செகண்டுக்கு 550 எம்.பி. அளவு. என்.வி.எம்.இ. அதைவிடப் பல மடங்கு என்பது உண்மைதான். டாலி, பிரௌசர், பில் பிரின்ட் வேலைக்கு அந்த வித்தியாசம் கண்ணில் படாது. தேய்ந்துவிடுமோ என்ற பயமும் தேவையில்லை. சாம்சங் 870 ஈவோ 500 ஜி.பி.க்குக் கம்பெனி கொடுக்கும் எழுதும் வரம்பு 300 டி.பி. தினமும் 20 ஜி.பி. எழுதினாலும் அதைத் தொட 41 வருடம் ஆகும். பெயர் தெரியாத கம்பெனியின் 2 டி.பி. எஸ்.எஸ்.டி. அடிமாட்டு விலைக்கு வந்தால் மட்டும் தொடாதீர்கள். அவற்றில் பல உள்ளே சின்ன மெமரியை வைத்துப் பெரிய அளவு காட்டும்படி செய்தவை. நிரம்பியதும் பழைய ஃபைல்கள் மேலேயே எழுதித் தொலைத்துவிடும். பில்லும் மூன்று வருடமாவது வாரண்டியும் இருக்கட்டும்.

அடுத்து, பழைய விண்டோஸை அப்படியே க்ளோன் செய்வதா, புதிதாகப் போடுவதா? வீட்டு லேப்டாப் என்றால் புதிதாகப் போடச் சொல்வேன். உங்களுடையது கணக்கு ஓடும் மெஷின், க்ளோன் செய்யுங்கள். டாலி, பிரின்டர், டிஜிட்டல் சிக்னேச்சர் டோக்கனுக்கான டிரைவர், பழைய தமிழ் எழுத்துரு எல்லாம் இருந்த இடத்தில் இருக்கும். டிஸ்க் மாற்றினால் விண்டோஸ் லைசென்ஸ் போய்விடாது, அது மதர்போர்டோடு ஒட்டியது. டாலி லைசென்ஸ் அப்படியில்லை, அந்த மெஷினோடு கட்டுப்பட்டது. ஆகவே க்ளோன் முடிந்து பழைய டிஸ்க்கைக் கழற்றுவதற்கு முன், டாலியின் லைசென்ஸ் பகுதியில் போய் சரண்டர் செய்துவிடுங்கள். புதிய டிஸ்க்கில் திரும்ப ஆக்டிவேட் செய்யலாம். லாகின் மெயில் ஐ.டி., பாஸ்வேர்டு உங்கள் கையில் இருக்கிறதா என்று முதலிலேயே பாருங்கள். பல இடங்களில் அது டாலி போட்டுக் கொடுத்தவரிடம் மாட்டிக்கொண்டிருக்கும்.

க்ளோன் செய்ய ஒரு சாட்டா - யு.எஸ்.பி. கேபிள் வேண்டும். எஸ்.எஸ்.டி.யை அதில் மாட்டி லேப்டாப்பில் செருகுங்கள். பெரிய கம்பெனிகள் தங்கள் எஸ்.எஸ்.டி.க்கு க்ளோன் மென்பொருளை இலவசமாகத் தருகின்றன. இல்லாவிட்டால் க்ளோன்ஜில்லா இருக்கிறது, ஆனால் அது புதிதாகப் பார்ப்பவர்களைக் கொஞ்சம் மிரட்டும், தவிர புதிய டிஸ்க் பழையதைவிடச் சின்னதாக இருந்தால் அடம்பிடிக்கும். இதில் நடக்கும் தவறு எப்போதும் ஒரே இடத்தில்தான்: எது மூலம், எது பிரதி என்று மாற்றிக் கொடுப்பது. இரண்டு டிஸ்க்கின் கம்பெனி பெயரையும் அளவையும் படித்துப் பார்த்து, ஒருமுறைக்கு இருமுறை சரிபார்த்துவிட்டு அழுத்துங்கள். இன்னொன்று, சி மட்டும் க்ளோன் செய்துவிட்டு டி-யை விட்டுவிடாதீர்கள். நம் பக்கம் டாலி டேட்டாவை டி-யில் வைக்கும் வழக்கம் அதிகம். முன்னால் இருக்கும் 100 எம்.பி. அளவுக் குட்டி பார்ட்டிஷனும் (டிஸ்க்கில் பிரித்த பகுதி) கட்டாயம் போக வேண்டும், விண்டோஸ் கிளம்புவதே அதிலிருந்துதான். 200 ஜி.பி. டேட்டா என்றால், செகண்டுக்கு 80 எம்.பி. கணக்கில் முக்கால் மணி நேரம் பிடிக்கும். டிஸ்க் நலிந்திருந்தால் பல மணி நேரம்கூட ஆகலாம். மின்வாரியம் மாதாந்திரப் பராமரிப்புக்கு அறிவித்த நாளில் ஆரம்பிக்காதீர்கள்.

டிஸ்க்கில் உள்ளதைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கர் அல்லது டிவைஸ் என்க்ரிப்ஷன் ஆனில் இருக்கிறதா என்றும் பாருங்கள். இருந்தால் முதலில் அதை நிறுத்துங்கள். 48 இலக்க ரெகவரி எண் பெரும்பாலும் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும், அதையும் எழுதி வையுங்கள்.

மாட்டுவது இதில் சின்ன வேலை. ஷிஃப்ட்டை அழுத்திக்கொண்டு ஷட் டவுன் கொடுங்கள், அப்போதுதான் முழுதாக அணையும். சார்ஜரைப் பிடுங்கி, பேட்டரி கழற்றக்கூடியதாக இருந்தால் கழற்றுங்கள். உள்ளேயே இருந்தால், மூடியைத் திறந்ததும் முதல் வேலையாக பேட்டரி கனெக்டரை எடுங்கள். ஒரு தாளில் லேப்டாப்பின் அடிப்பக்கத்தை வரைந்து, எந்த ஓட்டையில் வந்த ஸ்க்ரூவோ அதை அங்கேயே வைத்துக்கொண்டு வாருங்கள். நீள ஸ்க்ரூவைக் குட்டை ஓட்டையில் முறுக்கினால் மேல்பக்கம் துளைத்துக்கொண்டு வரும். டிவிடி டிரைவின் அடியிலோ ரப்பர் காலின் அடியிலோ ஒளிந்திருக்கும் ஸ்க்ரூவை விட்டுவிட்டு மூடியை நெம்பினால் கொக்கி உடையும். டிஸ்க்கை போர்டோடு இணைக்கும் தட்டையான கேபிள் மெல்லியது, அதை இழுக்காமல் கனெக்டரைப் பிடித்து எடுங்கள். பழைய டிஸ்க்கைச் சுற்றியுள்ள இரும்புச் சட்டத்தைக் கழற்றி எஸ்.எஸ்.டி.க்கு மாட்டுங்கள். எஸ்.எஸ்.டி. 7 மி.மீ. தடிமன். பழையது 9.5 மி.மீ. ஆக இருந்தால் ஆடாமலிருக்க, கூடவே பிளாஸ்டிக் சட்டம் வந்திருந்தால் அதை ஒட்டுங்கள்.

திறந்த கையோடு ஃபேனையும் பாருங்கள். சிமெண்டும் கலர் ஆக்சைடும் புழங்கும் பட்டறையில் இருக்கும் லேப்டாப்பின் ஃபேனில் மெல்லிய தூள் படிந்து, காற்றுப் போகும் வழியை அடைத்திருக்கும். ஃபேன் சுழலாமல் விரலால் பிடித்துக்கொண்டு, காய்ந்த மென்மையான பிரஷ்ஷால் துடைத்து எடுங்கள். ஈரத்துணி கூடாது. சூடு ஏறினால் பிராசஸர் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அப்புறம் எஸ்.எஸ்.டி. போட்டும் பயனில்லை என்று அதன் மேல் பழி விழும்.

முதல் முறை ஆன் செய்யும்போது எஸ்.எஸ்.டி. மட்டும் உள்ளே இருக்கட்டும், பழைய டிஸ்க்கை யு.எஸ்.பி.யில்கூட மாட்ட வேண்டாம். க்ளோன் செய்த இரண்டுக்கும் அடையாள எண் ஒன்றாக இருந்தால் விண்டோஸ் குழம்பும்.

இனி, ஓடவில்லை என்றால். பயோஸுக்குள் போங்கள். டெல், ஏசர், ஆசுஸில் பெரும்பாலும் எஃப்2, ஹெச்.பி.யில் எஃப்10. அங்கே எஸ்.எஸ்.டி.யின் பெயரே இல்லையென்றால் இணைப்பில் கோளாறு. கழற்றி மறுபடி மாட்டுங்கள். அப்போதும் இல்லையென்றால் அதே எஸ்.எஸ்.டி.யை யு.எஸ்.பி. கேபிளில் வேறொரு கம்ப்யூட்டரில் பாருங்கள். அங்கே தெரிந்தால் லேப்டாப்பின் தட்டைக் கேபிள்தான் குற்றவாளி, அது தனியாகவே கிடைக்கும்.

பெயர் இருக்கிறது, ஆனால் 'நோ பூட்டபிள் டிவைஸ்' என்கிறதா? பழைய விண்டோஸ் எந்த முறையில் போட்டிருந்ததோ, அதே முறை இப்போதும் பயோஸில் இருக்க வேண்டும். டிஸ்க் எம்.பி.ஆர். என்றால் பயோஸில் லெகசி, ஜி.பி.டி. என்றால் யு.இ.எஃப்.ஐ. க்ளோன் மென்பொருள் இதை மாற்றியிருந்தாலோ, அந்தக் குட்டி பார்ட்டிஷனை விட்டிருந்தாலோ இப்படி நிற்கும். முறையை மாற்றிப் பாருங்கள், இல்லையென்றால் விண்டோஸ் பென் டிரைவில் கிளம்பி ஸ்டார்ட்டப் ரிப்பேர் கொடுங்கள். அதற்கும் மசியாவிட்டால் மல்லுக்கட்டாமல் க்ளோனை முதலிலிருந்து செய்வதே மேல். பழைய டிஸ்க் கைபடாமல் இருக்கும்வரை எதுவும் கெட்டுப்போகவில்லை.

நீலத் திரையில் 'இன்ஆக்சஸிபிள் பூட் டிவைஸ்' என்று வந்தால், பெரும்பாலும் பயோஸில் சாட்டா மோடை யாரோ மாற்றியிருப்பார்கள். ஏ.ஹெச்.சி.ஐ., ரெய்டு இரண்டில் முன்பு எது இருந்ததோ அதற்குத் திருப்புங்கள். இதைப் படிக்கும் மற்றவர்களுக்கு ஒரு வரி: 11ஆம் தலைமுறை இன்டெல் முதல் வந்த பல லேப்டாப்பில், புதிதாக விண்டோஸ் போடும்போது டிஸ்க்கே இல்லை என்று காட்டும். லேப்டாப் கம்பெனி தளத்திலிருந்து இன்டெல் ரேபிட் ஸ்டோரேஜ் டிரைவரை பென் டிரைவில் எடுத்துப்போய், 'லோட் டிரைவர்' கொடுத்தால் தெரியும்.

நன்றாகக் கிளம்பிவிட்டு நடுநடுவே உறைந்து நின்றால், கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோவில் சி7 வரியைப் பாருங்கள். அந்த எண் ஏறிக்கொண்டே போனால் அதுவும் கேபிள் கோளாறு. ஏறவில்லையென்றால் எஸ்.எஸ்.டி. கம்பெனியின் ஃபர்ம்வேர் (எஸ்.எஸ்.டி.க்குள் ஓடும் மென்பொருள்) அப்டேட்டைப் போடுங்கள். சிதறிய ஃபைல்களை ஒன்று சேர்க்கும் டிஃப்ராக் மென்பொருள் எதையும் போடாதீர்கள். எஸ்.எஸ்.டி.க்கு வேண்டியதை விண்டோஸே பார்த்துக்கொள்ளும்.

விண்டோஸ் சீக்கிரம் திறக்கிறது, ஆனால் பிரௌசரும் டாலியும் சேர்ந்து திறந்தால் திணறுகிறது என்றால் 4 ஜி.பி. ரேம் போதவில்லை என்று அர்த்தம். இன்னொரு 4 ஜி.பி. சேர்த்து 8 ஆக்குங்கள். மூடியைத் திறக்கும் அன்றே இதையும் போட்டுவிட்டால் இரண்டு முறை கழற்ற வேண்டாம். 2017 லேப்டாப்பில் பெரும்பாலும் டி.டி.ஆர்.4 வகை ரேம், ஆனால் பழையதைக் கழற்றிப் பார்த்துவிட்டு வாங்குங்கள். பேட்டரி செத்து சார்ஜரிலேயே ஓட்டிக்கொண்டிருந்தால் அதையும் மாற்றுங்கள். கரண்ட் போய் பட்டென்று அணைவது டாலி டேட்டாவுக்கும் எஸ்.எஸ்.டி.க்கும் ஒரேபோலக் கெடுதல்.

விண்டோஸ் 10க்கான பொதுவான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14 அன்று முடித்துவிட்டது. விண்டோஸ் 11க்கு இன்டெல் 8ஆம் தலைமுறையாவது வேண்டும் என்பது கம்பெனியின் விதி, உங்களுடையது 7. ஆகவே இந்தச் செலவு லேப்டாப்பை என்றென்றைக்கும் காப்பாற்றிவிடும் என்று சொல்ல மாட்டேன். பில், கணக்கு வேலையை இதில் ஓட்டுங்கள், பேங்க் வேலையை அப்டேட் வரும் வேறு கருவியில் செய்யுங்கள். லேப்டாப்பை மாற்றும் நாளில் இந்த 2.5 இஞ்ச் எஸ்.எஸ்.டி. வெளி டிரைவாக உங்களோடு வரும்.

பழைய டிஸ்க்கை எல்லாம் சரியாக ஓடி ஒரு மாதம் ஆகும்வரை அழிக்காதீர்கள். அதற்குப் பிறகும் சி5 சுத்தமாக இருந்தால் யு.எஸ்.பி. உறையில் போட்டு, இரண்டாவது பிரதிக்கு வைத்துக்கொள்ளலாம். நம் ஊரில் பெரிய வீட்டைப் பூட்டிவிட்டு சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருப்பவர்கள் நிறைய. கல்யாண வீடியோவையும், முன்னோருக்குப் படைக்கும் படைப்பு வீட்டுப் படங்களையும் ஒரு எஸ்.எஸ்.டி.யில் போட்டு, அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டுப் போகலாமா என்று கேட்கிறார்கள். வேண்டாம். எஸ்.எஸ்.டி. மின்னூட்டத்தில் டேட்டாவைத் தாங்கி நிற்பது. எழுதும் வரம்பு முழுதும் தேய்ந்த எஸ்.எஸ்.டி., மின்சாரம் இல்லாமல் 30 டிகிரியில் ஒரு வருடம் தாங்கினால் போதும் என்பதுதான் சிப் கம்பெனிகளின் தர அமைப்பான ஜெடெக் வைத்த அளவு. புதியது அதைவிட வெகுகாலம் தாங்கும், ஆனால் பூட்டிய வீட்டின் சித்திரை வெயில் 30 டிகிரியோடு நிற்பதில்லை. பூட்டி வைப்பதற்கு ஹார்டு டிஸ்க்கே நல்லது, அதிலும் இரண்டு பிரதி, இரண்டு ஊரில். ஊருக்கு வரும்போதெல்லாம் ஒருமுறை மாட்டித் திறந்து பாருங்கள்.

எந்த இடத்தில் நின்றாலும், லேப்டாப்பின் முழு மாடல் எண், கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ திரையின் படம், பயோஸில் டிஸ்க் பெயர் தெரிகிறதா இல்லையா என்ற மூன்றையும் சேர்த்து எழுதுங்கள், தம்பி. எம்.2 ஸ்லாட்டில் எது ஓடும் என்பதை மாடல் எண்ணை வைத்தே சொல்லிவிடலாம்.